அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட வேண்டுமா?

கேள்வி: எனக்கு 46 வயது. திருச்சியில் தனியார் பள்ளி ஆசிரியையாக மாதம் 38,000 ரூபாய் ஊதியம் பெறுகிறேன். வருங்கால வைப்பு நிதியிலும் அதன் ஓய்வூதியத் திட்டத்திலும் சேர்ந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. 74 வயதான என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்துவிட்டன. நினைவும் பேச்சும் தெளிவாக உள்ளன. இரவில் ஒருமுறை மட்டும் எழுப்புவார். அவருக்குக் குடும்ப ஓய்வூதியம் 18,500 ரூபாயும், வங்கி வைப்பாக 12 லட்சம் ரூபாயும் உண்டு. வீட்டோடு தங்கும் பெண்ணுக்கு ஏஜென்சி 26,000 ரூபாய் கேட்கிறது. பகலில் மட்டும் வர எங்கள் தெருப் பெண் ஒருவர் 14,000 கேட்கிறார். மருந்து, டயாப்பர், பிசியோதெரபிக்கு மாதம் 12,500 ஆகிறது. பெங்களூரில் உள்ள தம்பி 5,000 அனுப்புகிறார். நான் வேலையை விட்டுவிடலாமா?

பதில்: வேலையை விடாதீர்கள். பகல்நேர உதவிக்கான 14,000 ரூபாயை மிச்சப்படுத்த 38,000 ரூபாய் ஊதியத்தை இழப்பது கணக்குக்கு ஒத்துவராது. இன்னும் இரண்டு ஆண்டுகள் பணியில் இருந்தால் பத்தாண்டுச் சேவை நிறைவடைந்து, 58 வயதில் மாத ஓய்வூதியம் பெறும் தகுதி உங்களுக்குக் கிடைக்கும். இப்போது விலகினால் அந்தத் தகுதி கைக்கு எட்டும் தூரத்தில் நின்றுவிடும். அம்மாவின் முதுமையைத் தாங்குவதற்காக உங்கள் முதுமையை வெறுங்கையாக விடுவதை அவரும் விரும்பமாட்டார்.

ஏஜென்சி சொல்லும் தொகையிலிருந்து கணக்கைத் தொடங்காமல், அம்மாவின் ஒரு நாளிலிருந்து தொடங்குங்கள். ஒரு நோட்டில் ஒரு வாரத்துக்கு, அவரை எத்தனை மணிக்குக் கழிப்பறைக்குக் கொண்டுசென்றீர்கள், குளிப்பாட்டவும் உடை மாற்றவும் எவ்வளவு நேரம் ஆனது, மாத்திரை எப்போது, நாற்காலிக்கு மாற்றும்போது ஒருவர் போதுமா இருவர் தேவையா என்று எழுதுங்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால், நீங்கள் பள்ளியில் இருக்கும் நேரத்துக்குத்தான் ஆள் தேவை. காலையையும் இரவையும் நீங்களே சமாளிக்கிறீர்கள். மூக்குக் குழாய் வழி உணவு, சிறுநீர்க் குழாய், ஊசி போன்றவை இருந்தால் பயிற்சி பெற்ற செவிலியர் வேண்டும்; இப்போது அந்த நிலை இல்லை.

பணம் முதலில் அம்மாவினுடையதிலிருந்தே வரட்டும். 12 லட்சத்தில் 3 லட்சத்தை உடனே எடுக்கத்தக்க வைப்பாக வைத்துக்கொண்டு, 9 லட்சத்தை அஞ்சலகத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். 2023 ஏப்ரலில் உயர்த்தப்பட்ட 8.2 சதவீத வட்டியில் கணக்கிட்டால் காலாண்டுக்கு 18,450, அதாவது மாதத்துக்கு 6,150 ரூபாய் வரும். கணக்கு தொடங்கும் நாளில் உள்ள வட்டி ஐந்தாண்டுகளுக்கு மாறாது. முழுத் தொகையையும் போடச் சொல்லாததற்குக் காரணம், ஓராண்டுக்குள் மூடினால் வட்டியே கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் என்றால் அசலில் 1.5 சதவீதம் பிடிப்பார்கள் என்பதுதான். இந்தத் திட்டத்தில் மகளைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்க்க முடியாது, நியமனதாரராகப் பதியுங்கள்.

ஓய்வூதியம், வட்டி, தம்பியின் பங்கு சேர்ந்து 29,650 ரூபாய். பகல்நேர உதவியும் மற்ற செலவுகளும் 26,500. மீதமுள்ள 3,150 ரூபாய், அந்தப் பெண் விடுப்பு எடுக்கும் நாட்களில் மாற்று ஆளுக்கு உதவும். வீட்டோடு தங்கும் ஆளை வைத்தால், அவருடைய சாப்பாட்டைச் சேர்க்காமலே மாதம் 8,850 ரூபாய் பற்றாக்குறை விழுந்து, அந்த 3 லட்சம் மூன்று ஆண்டுகளுக்குள் கரைந்துவிடும். பின்னாளில் அம்மா முழுப் படுக்கையானால் அப்போதுதான் அந்தப் பணமும் அந்த ஏற்பாடும் தேவைப்படும்.

மருத்துவக் காப்பீடு பராமரிப்பாளரின் சம்பளத்தைத் தரும் என்று நம்பியிருக்க வேண்டாம். 70 வயது கடந்தோருக்கான 5 லட்சம் ரூபாய் ஆயுஷ்மான் பாரத் காப்பீடும் மருத்துவமனைச் சிகிச்சைக்கானதே. ஆனால் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே இலவசமாக வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிவுசெய்யுங்கள். வருமான வரிச் சலுகைகளை நீங்கள் தேட வேண்டியதில்லை; உங்கள் ஊதியத்துக்கு வரியே வராது.

தெருப் பெண்ணை அமர்த்தும்போது வேலை நேரம், வார விடுமுறை, செய்ய வேண்டிய வேலைகள், சம்பள நாள் ஆகியவற்றைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஆதார் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ஏடிஎம் அட்டையின் ரகசிய எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அம்மாவிடமும் சொல்லிவையுங்கள். அவரைத் தூக்கி இறக்கும் பெண்ணின் முதுகும் உழைக்கும் உடம்புதான். மதியம் சற்று ஓய்வையும் வயிறார உணவையும் கூலியோடு சேர்த்தே எண்ணுங்கள். ஏஜென்சியில் 26,000 கொடுத்தாலும் அதில் ஒரு பகுதி ஏஜென்சியின் கமிஷனாகப் போய்விடும். நேரடியாக அமர்த்தினால் முழுத் தொகையும் அந்தப் பெண்ணின் கைக்கே சேரும்.

இதையெல்லாம்விட அவசரமான வேலை வங்கியில் இருக்கிறது. அம்மாவால் இனி வலது கையால் கையெழுத்திட முடியாது. இரு சாட்சிகள் அடையாளம் காட்ட, அவர்களில் ஒருவர் வங்கியின் பொறுப்புள்ள அலுவலராக இருக்க, கைரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கியின் விதிகள் இடம் தருகின்றன. 70 வயது கடந்தோர் வீட்டுவாசல் வங்கிச் சேவையும் கேட்கலாம். அவர் தெளிவாக இருக்கும் இப்போதே, சேமிப்புக் கணக்கில் உங்கள் பெயரையும் சேர்த்து, இருவரில் எவரும் இயக்கலாம் என்று மாற்றிவிடுங்கள். தம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு உரிமை தரும் அதிகாரப் பத்திரம், நினைவு தவறியபின் எழுதப்பட்டால் செல்லாது. மாதாமாதம் வரவு செலவுக் கணக்கைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பிவிடுங்கள். பின்னர் செலவு கூடும்போது அவருடைய பங்கைக் கூட்டிக் கேட்பதும் எளிதாக இருக்கும்.