இடைநிலை ஆங்கிலச் சொற்கள்: தொழில்நுட்பம், சாதனை, அன்றாட வாழ்க்கை (கேள்வி பதில்)

தொழில்நுட்பம், சாதனை, அன்றாட வாழ்க்கை ஆகியவை சார்ந்த ஆங்கிலச் சொற்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களில் பெரும்பாலோர் அடிப்படை ஆங்கிலத்தைக் கடந்தவர்கள். செய்தித்தாளைப் படித்துப் புரிந்துகொள்வார்கள், ஆனால் பேசவோ எழுதவோ முற்படும்போது தயங்கி நின்றுவிடுவார்கள். ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் பி1, பி2 என்று குறிக்கப்படும் படிநிலை இது. தெரிந்த சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் என்பது தெரியாததுதான் இந்தப் படியில் பலரைத் தேக்கி வைக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

பொறியியல் இறுதியாண்டு மாணவி: 'அச்சீவ்', 'அக்கம்ப்ளிஷ்', 'அட்டெய்ன்', 'ஃபுல்ஃபில்' ஆகிய நான்குக்கும் அகராதியில் 'அடை', 'நிறைவேற்று' என்றே பொருள் இருக்கிறது. வேலைக்கான விண்ணப்பத்தில் எதை எழுதுவது, ஐயா?

நான்கும் நெருங்கிய சொற்களே என்றாலும், ஒவ்வொன்றும் தனக்கென்று சில பெயர்ச்சொற்களை வைத்துக்கொண்டிருக்கிறது. உழைத்து எட்டும் இலக்கு, வெற்றி, நல்ல முடிவு ஆகியவற்றோடு 'அச்சீவ்' வரும். ஒப்படைக்கப்பட்ட பணியைச் செய்து முடித்ததைச் சொல்ல 'அக்கம்ப்ளிஷ்' பொருந்தும். 'அட்டெய்ன்' அலுவல் நடைக்கு உரியது. பதினெட்டு வயது நிரம்பியவர் என்பதைச் சட்ட ஆவணங்கள் 'ஹேஸ் அட்டெய்ன்ட் தி ஏஜ் ஆஃப் எய்ட்டீன் இயர்ஸ்' என்று எழுதுவதைக் கவனித்திருப்பீர்கள். கனவு, வாக்குறுதி, தகுதி நிபந்தனை போன்றவற்றை நிறைவேற்றுவதற்கு 'ஃபுல்ஃபில்'.

ஆனால் விண்ணப்பத்தில் இந்த நான்கையுமே முடிந்தவரை தவிர்க்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். 'ஐ அச்சீவ்டு மெனி திங்ஸ்' என்ற வரி படிப்பவருக்கு எதையும் சொல்வதில்லை. நீங்கள் செய்ததையே வினைச்சொல்லாக்குங்கள்: வடிவமைத்திருந்தால் 'டிசைன்டு', கட்டி முடித்திருந்தால் 'பில்ட்', செலவைக் குறைத்திருந்தால் 'ரெட்யூஸ்டு', குழுவை நடத்தியிருந்தால் 'லெட்'. தேர்வில் தேறியதற்கு 'பாஸ்டு' போதும்.

கபடிப் பயிற்சியாளர்: எங்கள் அணியின் வெற்றியைப் பற்றி 'வி வன் தெம்' என்று எழுதினேன். தவறு என்று திருத்தினார்கள். ஏன்?

தமிழில் போட்டியையும் வெல்லலாம், எதிரணியையும் வெல்லலாம். ஆங்கிலத்தில் 'வின்' என்பதற்குப் பின்னால் ஆட்டம், கோப்பை, பரிசு, தேர்தல் ஆகியவைதான் வரும். எதிராளி வந்தால் 'பீட்' அல்லது 'டிஃபீட்' என்று மாற வேண்டும். எனவே 'வி வன் த மேட்ச்', 'வி பீட் தெம்'. இதே குடும்பத்தில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சம்பளத்தையும் நற்பெயரையும் ஈட்டுவதற்கு 'ஏர்ன்', அனுபவத்தையும் உடல் எடையையும் கூட்டிக்கொள்வதற்கு 'கெயின்'.

வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்: 'நேற்று அந்தக் கோப்பைத் திறக்க முடிந்தது' என்பதை 'குட்' போட்டு எழுதலாமா?

கூடாது. தமிழில் 'முடிந்தது' என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்வதால் நம்மவர்கள் பெரும்பாலும் இங்கே சறுக்குகிறார்கள். 'கேன்' என்பதன் இறந்தகால வடிவமான 'குட்', ஒருவருக்கு ஒரு காலத்தில் பொதுவாக இருந்த திறமையைச் சொல்லும்: சிறு வயதில் நீந்தத் தெரிந்திருந்தது என்றால் 'ஷி குட் ஸ்விம்'. ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு காரியம் கைகூடியது என்றால் 'வாஸ் ஏபிள் டு' அல்லது 'மேனேஜ்டு டு' வேண்டும்: 'ஐ மேனேஜ்டு டு ஓப்பன் த ஃபைல்'. இந்த 'மேனேஜ்டு' என்பதற்குள் சிரமப்பட்டுத்தான் முடிந்தது என்ற குறிப்பும் இருக்கிறது. 'சக்சீட்' வேண்டுமானால் அதன் பின்னால் 'இன்' வந்து, அடுத்த வினை 'இங்' என்று முடிய வேண்டும்: 'சக்சீடட் இன் ஓப்பனிங்'. முடியவில்லை என்று சொல்லும்போது இந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடும். 'ஐ குடின்ட் ஓப்பன் இட்' எல்லா இடத்திலும் சரி.

வளைகுடா நாட்டு வேலைக்கு நேர்காணல் செல்லவிருக்கும் மின்பணியாளர்: இயந்திரக் கோளாறுகளைப் பற்றிப் பேச எந்தச் சொற்களைப் பழகிக்கொள்ள வேண்டும், ஐயா?

முதலில் 'ரிப்பேர்' என்ற சொல்லைச் சரிசெய்துகொள்ளுங்கள், ஏனென்றால் தமிழுக்குள் வந்து அது நேரெதிரான பொருளைப் பெற்றுவிட்டது. 'மோட்டார் ரிப்பேர்' என்றால் நமக்கு அது கெட்டுப்போய்விட்டது என்று பொருள். ஆங்கிலத்தில் 'ரிப்பேர்' என்பது கெட்டதைச் சீர்செய்யும் வேலை. நேர்காணலில் 'த மோட்டார் பிகேம் ரிப்பேர்' என்று சொன்னால், அது ஓடுகிறதா நின்றுவிட்டதா என்பதே கேட்பவருக்கு விளங்காது. ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் நின்றுவிட்டால் 'இட் ஹேஸ் புரோக்கன் டவுன்'. மின்தூக்கி, பணம் எடுக்கும் இயந்திரம் போன்ற பொதுப் பயன்பாட்டுச் சாதனங்கள் இயங்கவில்லை என்றால் 'அவுட் ஆஃப் ஆர்டர்'. நீங்கள் அதைச் சரிசெய்தால் 'ஐ ரிப்பேர்டு இட்' அல்லது பேச்சு வழக்கில் 'ஐ ஃபிக்ஸ்டு இட்'. கெடாமல் பார்த்துக்கொள்வது 'மெயின்டெனன்ஸ்'. அதன் வினை வடிவம் 'மெயின்டெயின்'.

கோளாறைக் குறிக்கும் சொற்களையும் பிரித்துக்கொள்ளுங்கள். மின்சுற்றிலோ இயந்திரத்திலோ இருப்பது 'ஃபால்ட்'. தயாரிப்பிலேயே வந்த குறை 'டிஃபெக்ட்'. திரையில் தோன்றும் பிழைச் செய்தி 'எரர்'. மென்பொருளுக்குள் இருக்கும் பிழை 'பக்'. இந்தக் கடைசிச் சொல், 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணினிக்குள் சிக்கியிருந்த ஓர் அந்துப்பூச்சியிலிருந்து பிறந்தது என்று பலரும் சொல்வார்கள். பூச்சி அகப்பட்டதும் அதைப் பதிவேட்டில் ஒட்டி வைத்ததும் உண்மைதான். ஆனால் தாமஸ் எடிசன் 1878-லேயே இச்சொல்லைக் கருவிகளில் வரும் கோளாறு என்ற பொருளில் கடிதத்தில் பயன்படுத்தியிருக்கிறார். கைபேசி உறைந்து நின்றால் 'இட் ஹேஸ் ஃப்ரோசன்' என்று சொல்லிப் பழகுங்கள். 'ஹேங்டு' என்ற வடிவம் தூக்கிலிடுவதற்கு உரியது.

இல்லத்தரசி: என் மகளோடு வீட்டில் ஆங்கிலத்தில் பேசிப் பழகுகிறேன். 'ஃபேன் போடு', 'சார்ஜ் போடு' என்பதற்கெல்லாம் 'புட்' என்றே வாயில் வருகிறது.

வீட்டு ஆங்கிலத்தின் உண்மையான சிக்கலைத் தொட்டுவிட்டீர்கள், அம்மா. தமிழில் 'போடு' என்ற ஒரே வினை நாள் முழுவதும் நமக்காக உழைக்கிறது. ஆங்கிலத்தில் அந்த உழைப்பைப் பல வினைகள் பங்கிட்டுக்கொள்கின்றன. மின்விசிறி போட 'டர்ன் ஆன்' அல்லது 'ஸ்விட்ச் ஆன்'. பாட்டுப் போட 'பிளே'. தேநீர் போட 'மேக்'. கோலம் போட 'டிரா'. கணக்குப் போட 'டூ'. ஊசி போட 'கிவ்'. கையெழுத்துப் போட 'சைன்' என்ற ஒற்றை வினை. சட்டை போடும் செயலுக்கு 'புட் ஆன்', போட்டுக்கொண்டிருக்கும் நிலைக்கு 'வேர்'. கைபேசிக்குச் சார்ஜ் போட 'சார்ஜ் த ஃபோன்' என்றாலே போதும். 'ஆன் த ஃபேன்' என்று வினையே இல்லாமல் பேசுவது நம் ஊர்களில் பரவலாக இருக்கிறது. 'டர்ன்' என்பதை முன்னால் சேர்த்துப் பழகுங்கள்.

ஒரு நுணுக்கம் உண்டு. பொருளின் பெயர் வந்தால் 'டர்ன் ஆஃப் த ஃபேன்', 'டர்ன் த ஃபேன் ஆஃப்' இரண்டும் சரி. 'அதை' என்று சுட்டும்போது மட்டும் அச்சொல் நடுவில்தான் நிற்க வேண்டும்: 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' என்பது எப்போதும் பிழை. மகளோடு சமையலறையில் நின்றபடியே விளக்கு, அடுப்பு, மிக்சி என்று ஒவ்வொன்றையும் இந்த இரண்டு வடிவத்திலும் சொல்லிப் பாருங்கள்.

கணினி மையம் நடத்துபவர்: 'சாஃப்ட்வேர்ஸ்', 'எக்விப்மென்ட்ஸ்' என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. தமிழில் மென்பொருள்கள், தகவல்கள், அறிவுரைகள் என்று தடையின்றிப் பன்மையாக்குகிறோம். ஆங்கிலத்தில் 'சாஃப்ட்வேர்', 'ஹார்டுவேர்', 'எக்விப்மென்ட்', 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்', 'புராகிரஸ்' ஆகியவை எண்ண முடியாத சொற்கள். எண்ணியே ஆக வேண்டுமென்றால் 'எ பீஸ் ஆஃப்' என்று முன்னால் சேர்க்கலாம், அல்லது 'டூ புரோகிராம்ஸ்', 'டூ ஆப்ஸ்' என்று வேறு சொல்லுக்கு மாறலாம்.

அதே கேள்வியாளர்: 'லாகின்' ஒரே சொல்லா, இரண்டா?

வினையாக வந்தால் இரண்டு, பெயராக வந்தால் ஒன்று. இறந்தகாலத்தில் சொல்லிப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்: 'லாக்டு இன்' என்றுதான் சொல்கிறோம், எனவே வினை 'லாக்' மட்டுமே. 'பேக் அப்', 'செட் அப்' ஆகியவையும் இப்படியே. 'எவ்ரிடே' என்று சேர்த்தால் 'அன்றாட' என்ற பெயரடை, 'எவ்ரி டே' என்று பிரித்தால் 'தினமும்'.

பள்ளி ஆசிரியை: 'இன்வென்ட்', 'டிஸ்கவர்' வேறுபாட்டை மாணவர்கள் மறந்துகொண்டே இருக்கிறார்கள்.

உதாரணங்களை எதிரெதிரே வைத்துக் கற்பியுங்கள். எக்ஸ் கதிர்கள் இயற்கையில் முன்பே இருந்தவை. ரான்ட்ஜன் 1895-இல் அவற்றை 'டிஸ்கவர்' செய்தார். சி. வி. ராமன் 1928-இல் கண்ட ஒளிச்சிதறலும் அப்படியே. தொலைபேசி முன்பு இல்லாத பொருள். அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1876-இல் காப்புரிமை பெற்றது 'இன்வென்ட்' செய்த ஒன்றுக்கு. நம் 'கண்டுபிடி' இவ்விரண்டோடு நிற்பதில்லை என்பதையும் அவர்களுக்குக் காட்டுங்கள்: தொலைந்த சாவியைக் கண்டுபிடித்தால் 'ஃபைண்ட்', மறைத்த உண்மையைக் கண்டுபிடித்தால் 'ஃபைண்ட் அவுட்', வரியில் உள்ள பிழையைக் கண்டுபிடித்தால் 'ஸ்பாட்'.

சிங்கப்பூரில் வேலைக்குச் செல்லும் இளைஞர்: நாம் தினமும் பயன்படுத்தும் ஆங்கிலச் சொற்களில் எவை அங்கே குழப்பம் தரும்?

சாப்பிடும் இடத்தை 'ஹோட்டல்' என்னாதீர்கள். அது தங்குமிடம், உணவகம் 'ரெஸ்டரன்ட்'. துணி வைக்கும் 'பீரோ' என்பது 'வார்ட்ரோப்' அல்லது 'கப்போர்டு'. கல்லூரிப் படிப்பை முடித்ததற்கு 'கிராஜுவேட்டட்' என்று சொல்லுங்கள். நாம் சொல்லும் 'பாஸ்டு அவுட்' இந்தியாவுக்கு வெளியே மயங்கி விழுந்ததாகவே பெரும்பாலும் புரிந்துகொள்ளப்படும். 'கரண்ட்' போனதற்குப் 'பவர் கட்'. கைபேசியை அங்கே 'ஹேண்ட்ஃபோன்' என்பார்கள்.

ஓய்வு பெற்ற அலுவலர்: எத்தனை சொற்கள் தெரிந்தால் போதும்?

டாக்காவில் கல்விப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1953-இல் தொகுத்து வெளியிட்ட பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள் உள்ளன. சாதாரண எழுத்தில் நூற்றுக்கு எண்பது வரை இவையே வந்துவிடும். ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் (ஓர் அடிச்சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்). நாவலையோ செய்தித்தாளையோ அகராதியின் துணையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்று சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். படிப்பதற்கான அளவு அது. பேசுவதற்கு அதைவிடக் குறைவாகவே போதும். முதல் இரண்டாயிரத்தைத் தயக்கமின்றிக் கையாள்பவர் அன்றாடப் பேச்சில் பெரும்பகுதியைச் சமாளித்துவிடுவார் என்பதால், அந்த எண்ணிக்கையைக் கண்டு நீங்கள் மலைக்க வேண்டாம்.

செவிலியர்: சொற்கள் தெரிந்தும் என் உச்சரிப்பு புரியவில்லை என்கிறார்கள்.

பெரும்பாலும் அழுத்தம்தான் காரணமாக இருக்கும். தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் 'ரெக்கார்டு' என்பதன் முதல் அசையை அழுத்தினால் பதிவேடு, இரண்டாம் அசையை அழுத்தினால் பதிவுசெய்தல். 'டெக்னாலஜி'யில் இரண்டாம் அசை, 'டெக்னலாஜிக்கல்' என்று நீளும்போது மூன்றாம் அசை. புதிய சொல்லை எழுதி வைக்கும்போதே அழுத்தம் விழும் அசையின் கீழ் கோடிட்டு விடுங்கள்.

தட்டச்சு பயில்பவர்: படித்த சொற்கள் ஒரு வாரத்தில் மறந்துபோகின்றன.

மறதியின் வேகத்தை ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்மீதே சோதித்து எழுதினார். கற்றதில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாட்களிலேயே நழுவுகிறது, இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிலைக்கிறது. ஆகவே ஒரு சிறு அட்டையின் ஒரு பக்கத்தில் முழு வாக்கியத்தை, கற்க வேண்டிய சொல்லின் இடத்தை வெற்றிடமாக விட்டு எழுதுங்கள். மறுபக்கத்தில் அந்தச் சொல். 'ஷி ஹேஸ் மேட் குட் ____' என்ற அட்டையைப் பார்த்து 'புராகிரஸ்' என்று சொல்ல முடிந்தால் மூன்று நாள் கழித்துப் பாருங்கள், அப்போதும் வந்தால் ஒரு வாரம் கழித்து, பிறகு ஒரு மாதம் கழித்து. தடுமாறினால் அந்த அட்டை மறுநாள் கட்டுக்கே திரும்ப வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துப் புதிய அட்டைகளுக்கு மேல் சேர்க்க வேண்டாம்.