சிம்கோ ஏரியில் பனியைத் துளைத்து பைக் மீன் பிடிக்க முடியுமா?

"ரொறொன்ரோவில் இருந்து ஒருநாள் போய்வரக்கூடிய தூரத்தில், உறைந்த ஏரியில் நோர்தேர்ன் பைக் பிடிக்க முடியுமா? போன வருசம் குடில் வாடகைக்கு எடுத்தோம், விரலளவு பேர்ச்தான் கிடைத்தது" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும், சிம்கோ ஏரியிலேயே. ஆனால் பனிமேல் வைக்கிற வாடகைக் குடில்கள் நிற்கிற இடம் பெரும்பாலும் பேர்ச்சுக்கோ வைற்ஃபிஷ்ஷுக்கோ பார்த்து வைத்த இடம். அங்கே நாள் முழுக்கக் குந்தியிருந்தாலும் பைக் வருவது அபூர்வம். வந்தாலும் பேர்ச்சுக்குக் கட்டின மெல்லிய தங்கூசியைப் பல்லாலேயே அறுத்துக்கொண்டு போய்விடும். குறை உங்கள் கைராசியில் இல்லை, இடத்தில்.

பைக்குக்கு ஆழம் தேடக்கூடாது, களை தேடவேண்டும். அது துரத்திப் பிடிக்கிற மீன் அல்ல. களைக்குள் அசையாமல் நின்று, பக்கத்தால் போகிற சின்ன மீனை ஒரே பாய்ச்சலில் கவ்வும். சிம்கோவின் தெற்கே இருக்கிற குக்ஸ் பே என்ற குடா அதற்கு ஏற்ற இடம்: ஆழம் குறைவு, களை அதிகம். நான் போடுகிற துளைகள் இரண்டு முதல் நாலு மீட்டர் ஆழத்துக்குள்தான். துளை போட்டதும் கொழுக்கியில் ஒரு ஈயக்குண்டை மாட்டித் தரைவரை இறக்கி இழுத்துப் பாருங்கள். பச்சைக் களை சிக்கி வந்தால் அங்கேயே இருக்கலாம். கறுத்து அழுகினது வந்தால் இடத்தை மாற்றுங்கள். அழுகுகிற களை தண்ணீரில் இருக்கிற ஒட்சிசனைத் தின்றுவிடும், மீன் அங்கே நிற்காது. நடுக்குளிர்காலத்தில் பைக் கொஞ்சம் ஆழத்துக்கு விலகுவதற்கும் இது ஒரு காரணம். பனி பிடித்த முதல் கிழமைகளும், மார்ச்சில் அது கரையத் தொடங்குவதற்கு முந்தின நாட்களும்தான் நல்ல காலம். பனி உடைந்த கையோடு கரையோரப் புல்லில் முட்டையிடும் மீன் என்பதால், மார்ச்சிலேயே ஆற்று வாய்ப் பக்கம் சேரத் தொடங்கிவிடும்.

ஆபத்தும் அங்கேதான். ஹொலண்ட் ஆறு குக்ஸ் பேயில் வந்து விழுகிற பக்கத்தில் நீரோட்டம் இருப்பதால், பக்கத்தில் 20 சென்ரிமீட்டர் பனி இருந்தாலும் வாயில் அரைவாசிகூட இருக்காது. மீன் இருக்கிறதென்று அந்த ஓரத்துக்குப் போகாதீர்கள். நடந்து போவதற்குத் தெளிந்த பனி குறைந்தது 10 சென்ரிமீட்டராவது வேண்டும். வெள்ளையாக, ஸ்னோ கலந்து உறைந்ததென்றால் பலம் அரைவாசிதான், எனவே இரண்டு மடங்கு தடிப்புப் பாருங்கள். கையில் ஒரு இரும்புக் கம்பி வைத்து, சில அடிக்கு ஒருதரம் குத்திக் குத்திப் போங்கள். 2023-24 மாதிரிச் சூடான குளிர்காலம் வந்தால் பேசாமல் வீட்டில் இருங்கள்.

கழுத்தில் ஐஸ் பிக்ஸ் ஒரு சோடி தொங்கட்டும், பனியில் குத்திப் பிடித்து ஏறுகிற கூர் முனைக் கைப்பிடிகள் அவை. மலிவான சாமான்தான். தப்பித்தவறி உள்ளே விழுந்தால் என்ன நடக்கும் என்பதை மனிற்ரோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற் 1-10-1 என்று சொல்லித் தருவார். மூச்சைக் கட்டுப்படுத்த ஒரு நிமிடம், கைகால் சொல்லுக் கேட்கிற பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணித்தியாலம். விழுந்த உடனே பதறி அடிக்காமல் அந்த முதல் நிமிடத்தில் மூச்சைக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு வந்த பக்கமாகவே திரும்பி, பிக்ஸைக் குத்தி, காலை உதைத்து வயிற்றால் ஏறி, எழும்பாமல் உருண்டு விலகுங்கள். உங்களைத் தாங்கின பனி வந்த பக்கத்தில்தான் இருக்கிறது. கூடாரத்துக்குள் ஹீற்றர் போட்டால் ஒரு காற்றுவழியைத் திறந்தே வையுங்கள், ஹீற்றரில் இருந்து வரக்கூடிய காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு மணக்காது.

இனி சாமான். பைக்குக்கு நான் தூண்டில் தடியைவிட டிப்-அப்பையே நம்புகிறேன். துளைக்கு மேல் குறுக்கே வைக்கிற சட்டம் அது. நூல் சுற்றின உருளை தண்ணீருக்குள் இருப்பதால் உறையாது. மீன் நூலை இழுத்தால் உருளை சுழன்று மேலே கம்பியை விடுவிக்கும், செம்மஞ்சள் கொடி ஒன்று படாரென்று எழும்பும். ஒன்ராறியோவில் பனிக்காலத்தில் பெரும்பாலான இடங்களில் ஆளுக்கு இரண்டு தூண்டில் போடலாம், ஆனால் 60 மீட்டருக்குள் நிற்கவேண்டும், தூண்டில் கண்ணுக்கு மறைவின்றித் தெரியவும் வேண்டும். காருக்குள் போய் நித்திரை கொள்ள முடியாது. நூலின் நுனியில், பல்லுக்கு அறாத உருக்குக் கம்பி லீடர் (நூலுக்கும் கொழுக்கிக்கும் இடையில் கட்டுகிற துண்டு) கட்டாயம்.

இரைக்குச் செத்த மீன் போதும். இரண்டு முக்கொழுக்கிகள் உள்ள, குவிக்-ஸ்ட்ரைக் என்கிற கட்டுமுறையில், மீன் கிடையாகத் தொங்குகிற மாதிரிக் குத்துங்கள். பைக் இரையைக் குறுக்கே கவ்வி, திருப்பி, தலைப்பக்கத்தால் விழுங்கும். ஒற்றைக் கொழுக்கி என்றால் அது விழுங்கும்வரை காத்திருக்கவேண்டி வரும், பிறகு கொழுக்கி குடலில். இந்த முறையில் கொடி எழும்பின உடனேயே இழுக்கலாம், மீனை உயிரோடு விடவும் முடியும். இரையைத் தரையில் போடாதீர்கள், களைக்கு மேலே தொங்கவிடுங்கள். பைக்கின் கண் தலை உச்சியில் இருப்பதால் அது மேலே பார்த்துத்தான் அடிக்கும். இரை மீனை ஏரிக்குப் பக்கத்துக் கடையில் வாங்கி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள். வேறிடத்தில் இருந்து கொண்டுபோகக் கட்டுப்பாடுகள் உண்டு.

கொடி எழும்பினால் ஓடலாம், ஆனால் துளைக்குப் பக்கத்தில் நடையைக் குறையுங்கள், அதிர்வு கீழே கேட்கும். நூலை இரு கையாலும் மாறி மாறி இழுங்கள், கையில் சுற்றாதீர்கள். பைக் முதலில் மரக்கட்டை மாதிரி பேசாமல் வரும். துளை வெளிச்சத்தைக் கண்டதும்தான் அதன் சுயரூபம் தெரியும். என் மச்சான் இழுத்த ஒன்று துளை வாயில் வாத்துச் சொண்டு போன்ற மூக்கைக் காட்டிவிட்டு, இழுத்து வைத்த நூல் முழுவதையும் திரும்பக் கொண்டுபோனது. பனியில் கிடந்த நூலில் அவன் சப்பாத்து ஏறியிருந்தால் அத்தோடு சரி. மூன்றாம் தரம் தலை துளைக்குள் நேராக வந்தபோது, செவுள் மூடிக்குக் கீழே விரலை விட்டுத் தூக்கினான். உள்ளே இருக்கிற செவுள் எலும்பைத் தொடாதீர்கள், கிழித்துவிடும். நீளமான குறடு இல்லாமல் கொழுக்கி கழற்ற நினைக்கவே வேண்டாம். விடப்போகிற மீனைக் குளிர் காற்றில் பிடித்துப் படமெடுத்துக்கொண்டு நின்றால் கண்ணும் செவுளும் உறைந்துவிடும்.

லைசென்ஸ் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் பெப்ரவரியில் குடும்ப தின வார இறுதியில் போய்ப் பாருங்கள், கனடாவில் வசிப்பவர்களுக்கு அந்த நாட்களில் லைசென்ஸ் தேவையில்லை. எத்தனை மீன் வைத்திருக்கலாம் என்ற வரம்பு அப்போதும் உண்டு. அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

சாப்பாட்டு விசயம். பெரிய பைக் எல்லாம் பெரும்பாலும் பெண் மீன், பனி உடைந்ததும் முட்டையிடப்போவது. உடம்பில் பாதரசமும் கூட. நான் 60 சென்ரிமீட்டருக்குள் உள்ளதைத்தான் எடுப்பேன். எந்த ஏரி மீனை, எந்த அளவில், மாதம் எத்தனை தரம் சாப்பிடலாம் என்று ஒன்ராறியோ அரசு ஏரிவாரியாகப் பட்டியல் போடுகிறது. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் தனி அளவு. நாடாப்புழு இருக்கலாம், அரைவேக்காட்டில் சாப்பிடக்கூடாது. சதை வெள்ளை, ருசி நல்லது, ஆனால் முதுகுப் பக்கம் கவைபோலப் பிரிந்த முள்ளு வரிசையாக நிற்கும். அதை வெட்டி எடுக்கப் பழகும்வரை குழம்பு வைக்காதீர்கள். அவித்து, முள்ளுப் பொறுக்கி, உருளைக்கிழங்கும் பச்சை மிளகாயும் பிசைந்து கட்லட் போடுங்கள். எங்கள் வீட்டில் பைக் என்றாலே கட்லட்தான்.