கல்ச்சரில் கிருமி வளர்ந்தாலே ஊசி வேண்டுமா?

கேள்வி: 74 வயது அப்பா மூன்று வாரமாகச் சிறுநீர்க் குழாயோடு மருத்துவமனையில் இருக்கிறார். காய்ச்சல் இல்லை. யூரின் கல்ச்சரில் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) கிளெப்சியெல்லா என்ற கிருமி வளர்ந்து, கொலிஸ்டின் என்ற கிருமிக்கொல்லி தவிர மற்ற மருந்துகளுக்கு நேரே ‘ஆர்’ (அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது) என்று வந்திருக்கிறது. கொலிஸ்டின் ஊசியை ஆரம்பிக்கலாமா?

பதில்: தாளை மடித்து வைத்துவிட்டு அப்பாவைப் பாருங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்புற வலி, ரத்த அழுத்தச் சரிவு எதுவும் இல்லையென்றால், கிருமி அங்கே குடியிருக்கிறது, அவ்வளவுதான். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் 3 முதல் 8 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிருமி சேர்கிறது. ஒரு மாதத்தில் அநேகமாக எல்லோருக்கும் வந்துவிடும். கலங்கலும் நாற்றமும் சீழணுக்களும் கூட நோய்க்கு அத்தாட்சி இல்லை. கொலிஸ்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குழாயின் உட்சுவரில் படலமாக ஒட்டியிருக்கும் கிருமியை அது துடைத்தெடுக்கவும் செய்யாது. மிஞ்சுவது எந்த மருந்துக்கும் அடங்காத, இன்னும் முரட்டுக் கிருமி. இதையெல்லாம் ஒரு வரியில் ரிப்போர்ட்டிலேயே எழுத ஆய்வகங்களுக்கு என்ன கஷ்டமோ!

மாதிரி எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேளுங்கள். பையிலிருந்து பிடித்திருந்தால் அந்த ரிப்போர்ட் குப்பைக்குத்தான். இரண்டு வாரம் தாண்டிய குழாயை மாற்றி, புதுக் குழாயில் மாதிரி எடுப்பதற்கென்று இருக்கும் முனையை ஸ்பிரிட்டால் துடைத்து, சிரிஞ்சில் உறிஞ்சி எடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகம் போகாவிட்டால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

“அந்த ஊசியை வெளியே சல்லிசாக வாங்கித் தருகிறேன்” என்று வருபவரை வாசலோடு அனுப்புங்கள். கொலிஸ்டின் குப்பியில் ஒரு கம்பெனி ‘10 லட்சம் யூனிட்’ என்று போடும். அதே அளவை இன்னொன்று 80 மில்லிகிராம் என்றும், வேறொன்று மருந்தின் மூல எடையில் சுமார் 33 மில்லிகிராம் என்றும் போடும். குப்பி மாறினால் அளவு இரண்டு மடங்குக்கும் மேல் பிசகும். தரகருக்கு இது தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டார்.

ஒரு விலக்கு உண்டு. கல் உடைப்பது, புராஸ்டேட்டைச் சுரண்டி எடுப்பது போல, சிறுநீர்ப் பாதையின் உட்தோலில் ரத்தம் வரும் சிகிச்சை என்றால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் மருந்து தேவை. ஆனால் அதுவும் வாரக்கணக்கில் இல்லை: முன்கூட்டியே கல்ச்சர் பார்த்து, சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடத்துக்கு முன் ஒரு டோஸ், மிஞ்சினால் இரண்டு. வெறுமனே குழாய் மாற்றுவது இந்தக் கணக்கில் வராது.

காய்ச்சலோ நடுக்கமோ வந்தால் கதையே வேறு. குழாயை மாற்றி, ரத்தமும் சிறுநீரும் கல்ச்சருக்கு எடுத்த கையோடு முதல் டோஸ் ஏற வேண்டும். ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் இல்லாதவரை தினமும் டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தக் குழாய் இன்றைக்கும் தேவையா?