விருந்தும் முத்திரையும்

கேள்வி: சீன வணிகமும் அரசியலும் 'குவான்ஷி' என்னும் உறவு வலையில்தான் ஓடுகின்றன, ஒப்பந்தம் அங்கே வெறும் காகிதம் என்று மேற்கத்திய நிர்வாக நூல்கள் சொல்கின்றனவே, உண்மையா? (வாசகர், கோவை)

பதில்: விருந்து மேசையில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதுபவர்கள், நிறுவனத்தின் சிவப்பு முத்திரை யார் கையில் இருக்கிறது என்று கேட்பதில்லை. ஒப்பந்தம் காகிதமாகிப் போவது பெரும்பாலும் அதனால்தான்.

சீன நிறுவனத்தின் வட்ட முத்திரை காவல் துறையில் பதிவானது. ஒப்பந்தத்துக்கு, வங்கிக்கு, விலைப்பட்டியலுக்கு என்று தனித்தனி முத்திரைகளும் உண்டு. நிறுவனத்தின் சார்பில் செயல்பட உரிமையுள்ளவர் என்று அரசுப் பதிவேட்டில் பெயர் உள்ள 'சட்டப் பிரதிநிதி' கையெழுத்திட்டாலும் ஒப்பந்தம் செல்லும். ஆனால் உங்களுக்கு விருந்து வைத்த ஜெனரல் மேனேஜர்தான் அந்தப் பிரதிநிதியா? பல சமயம் இல்லை. முத்திரை அசலாக இருந்தால் மட்டும் போதாது, பதித்தவருக்கு அதிகாரம் இருந்ததா என்றும் பார்க்க வேண்டும் என்று 2019-இல் சீன உச்ச நீதிமன்றமே கீழ் நீதிமன்றங்களுக்கு வழிகாட்டியது.

பிரிட்டனின் சிப் வடிவமைப்பு நிறுவனமான ஆர்ம் இதைக் கசப்பாகக் கற்றது. அதன் சீனக் கூட்டு நிறுவனத்தின் இயக்குநர் குழு, 2020 ஜூனில் தலைமை அதிகாரி ஆலன் வூவை நீக்க வாக்களித்தது. முத்திரை அவரிடம், பதிவேட்டில் பெயரும் அவருடையது. அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. 2022 ஏப்ரலில் ஷென்சென் அரசுப் பதிவேட்டில் பெயர் மாறிய பிறகே விவகாரம் தீர்ந்தது. இதில் குவான்ஷிக்கு வேர் என்று சொல்லப்படும் கன்பூசியஸுக்கு என்ன வேலை?

எனவே முன்பணம் அனுப்புமுன் வணிக உரிமத்தின் நகலைக் கேளுங்கள். அதிலுள்ள 18 இலக்கக் குறியீட்டை அரசின் நிறுவனத் தகவல் தளத்தில் இட்டால் சீனப் பெயர், சட்டப் பிரதிநிதி, தொழில் வரம்பு, 'முறைகேடான செயல்பாடு' பட்டியலில் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். ஆங்கிலப் பெயர் அட்டையில் அழகாக இருக்கும். அதற்குச் சட்டத் தகுதி கிடையாது. பதிவு மூலதனம் என்று போட்டிருக்கும் பெரிய தொகையைக் கண்டு மயங்காதீர்கள், அது செலுத்துவதாக ஒப்புக்கொண்ட தொகை மட்டுமே. ஐந்து ஆண்டுக்குள் கட்ட வேண்டும் என்ற விதியே 2024 ஜூலை 1 முதல்தான் வந்தது. ஒப்பந்தப் பக்கங்களை விசிறிபோல் விரித்து ஓரங்களின் மேல் முத்திரை விழச் செய்யுங்கள்; பிறகு நடுவில் ஒரு தாளை மாற்ற முடியாது. தனிநபர் கணக்குக்குப் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வழக்கு நியூயார்க் நீதிமன்றத்தில் என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்களும் உண்டு. அமெரிக்கத் தீர்ப்பைச் சீன நீதிமன்றம் நிறைவேற்றியது அபூர்வம். நடுவர் தீர்ப்பாயத் தீர்ப்பின் நிலை வேறு; வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்றுவதற்கான சர்வதேச 'நியூயார்க் உடன்படிக்கை'யில் சீனா 1987-இலேயே சேர்ந்துவிட்டது.

உறவுக்கு மதிப்பே இல்லையா என்றால், உண்டு. சரக்கு தாமதமாகும்போது போனை எடுப்பார்கள், மூலப்பொருள் தட்டுப்பாட்டில் உங்கள் ஆர்டரை முன்னே தள்ளுவார்கள். அத்தோடு சரி. 2007-இல் பிரெஞ்சு உணவு நிறுவனமான டனோனும் அதன் கூட்டாளியான சீனப் பான நிறுவனம் வஹாஹாவும் மோதிக்கொண்டபோது, நம்பிக்கை முறிந்த கதையாகவே பலர் அதை எழுதினார்கள். முடிச்சு வேறிடத்தில் இருந்தது: வஹாஹா வணிகச் சின்னத்தை இருவரின் கூட்டு நிறுவனத்துக்கு மாற்றச் சீனச் சின்ன அலுவலகத்தின் ஒப்புதல் கிடைக்கவே இல்லை. 2009-இல் டனோன் தன் 51 சதவீதப் பங்கை விற்றுவிட்டு வெளியேறியது.

அரசியலிலும் இதே கண்மறைப்புதான். நகர மேயரோடு படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பும் வெளிநாட்டு அதிகாரி, அந்நகரின் இரண்டாவது ஆளைத்தான் பார்த்திருக்கிறார். முதல் ஆள் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளர்; மேயர் வழக்கமாக அவருக்குக் கீழே துணைச் செயலாளர். 2023-இல் பிரதமரான லீ சியாங், துணைப் பிரதமராக இருந்து வந்தவரல்ல. ஷாங்காய் கட்சிச் செயலாளராக இருந்தவர். நிலம், வரிச்சலுகை என்று யாராவது வாய்வார்த்தையில் உறுதி தந்தால், தந்தவர் வேறு ஊருக்கு மாற்றலானபின் வருபவர் அதை மதிப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை. சலுகையை எழுத்தில் கேளுங்கள். அதைத் தரும் அதிகாரம் அந்த நகர அரசுக்கு உண்டா, மாகாணத்தின் ஒப்புதல் வேண்டுமா என்பதையும் உள்ளூர் வழக்கறிஞரிடம் முன்பே விசாரித்துவிடுங்கள்.