2 ஜிபி லேப்டாப்புக்கு எந்த இயங்குதளம்?

கேள்வி: என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். வீட்டில் 2 ஜிபி ராம், 32 ஜிபி சேமிப்பு, இன்டெல் ஆட்டம் பிராசசர் கொண்ட பழைய சிறிய லேப்டாப் இருக்கிறது. விண்டோஸ் 10 நகரவே மறுக்கிறது. 2,500 ரூபாய்க்கு விண்டோஸ் 11 போட்டுத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா? லினக்ஸ் சரிவருமா? கட்டுரை தட்டச்சு செய்வதும் பாட வீடியோ பார்ப்பதும்தான் தேவை. - வாசகர், தேனி

பதில்: கொடுக்காதீர்கள். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்ச அளவே 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு. உங்களிடம் இருப்பது இரண்டிலும் சரிபாதி. நிறுவும்போது விண்டோஸ் செய்யும் இந்தச் சோதனையைத் தாண்டி, சில லேப்டாப்களில் எப்படியாவது உள்ளே நுழைத்துவிடலாம். அதைத்தான் அவர் செய்யப் போகிறார். பிறகு 'ஆக்டிவேஷன்' என்று ஒரு திருட்டு நிரலை ஓட்டுவார். அதற்காக முதலில் ஆன்ட்டிவைரஸை அணைப்பார். உங்கள் மகள் வங்கிக் கணக்கைத் திறக்கப் போவதும் அதே கணினியில்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். 'லைட் விண்டோஸ்' என்ற பெயரில் எவரோ வெட்டி ஒட்டியதும் இதே ரகம்தான். ராம் கூட்டித் தருகிறேன் என்றாலும் நம்பாதீர்கள். இந்த வகை லேப்டாப்களில் அது பெரும்பாலும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும்.

கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. ஒரு பெரிய அப்டேட் வந்தாலே இடம் போதாமல் திணறும் 32 ஜிபி பெட்டியை 'முழுமையான கணினி' என்று விற்ற நிறுவனங்களை யாரும் கேட்கவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளும் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. குப்பையில் போடு, புதிது வாங்கு என்பதுதான் இதன் பொருள்.

போட வேண்டியது லினக்ஸ். பத்துப் பெயர்களைச் சொல்லிக் குழப்ப மாட்டேன்: டெபியன் 13 என்ற லினக்ஸ் வகை, 'எல்எக்ஸ்க்யூடி' என்ற எடை குறைந்த முகப்புடன். இலவசம். அதன் 'லைவ்' பதிப்பைப் பென்டிரைவில் ஏற்றினால், லேப்டாப்பில் எதையும் அழிக்காமல் ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா என்று அப்போதே பாருங்கள். ஆட்டம் லேப்டாப்களில் இந்த இரண்டும்தான் அடம்பிடிக்கும்.

பென்டிரைவிலிருந்து தொடங்கவே இல்லையென்றால்? இங்கேதான் பலரை ஏமாற்றுகிறார்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். '32-பிட் இயங்குதளம், எக்ஸ்64 பிராசசர்' என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், உங்கள் பிராசசர் 64-பிட்; லேப்டாப்பை எழுப்பிவிடும் 'யுஇஎஃப்ஐ' என்ற நிரல் மட்டும் பெரும்பாலும் 32-பிட். ஆட்டம் லேப்டாப்கள் பலவற்றை இப்படி அரைகுறையாகத்தான் செய்து விற்றார்கள். 'இது 32-பிட் மெஷின், பழைய லினக்ஸ்தான் ஏறும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்டேட் நின்றுபோன ஒன்றைத் தலையில் கட்டிவிடுவார்கள். லைவ் பதிப்பை விட்டுவிட்டு, டெபியனின் வழக்கமான 64-பிட் 'நெட்இன்ஸ்ட்' கோப்பை (மீதியை இணையத்திலிருந்து இறக்கி நிறுவும் சிறிய பதிப்பு) எடுங்கள். 32-பிட் யுஇஎஃப்ஐயில் தொடங்குவதற்கான ஏற்பாடு அதிலேயே இருக்கிறது. 'ஐ386' என்று குறிப்பிட்டிருப்பது 32-பிட் பதிப்பு; அதைத் தொடாதீர்கள்.

கட்டுரைக்கு லிப்ரே ஆபீஸ் போதும். தட்டச்சுக்கு உதவும் 'ஐபஸ்' நிரலை அதன் 'ibus-m17n' தொகுப்புடன் நிறுவினால் தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். 'இசட்ராம்' என்ற வசதியையும் இயக்கச் சொல்லுங்கள். இருக்கும் ராமைச் சுருக்கிப் பயன்படுத்த அது உதவும். இவ்வளவு செய்தாலும் பிரவுசர் பிரவுசர்தான். இரண்டு மூன்று டேப்களுக்கு மேல் திறந்தால் எந்த இயங்குதளமும் மூச்சு வாங்கும். வீடியோவை 480பி-யில் வைத்துக்கொள்ளட்டும்.

நீங்களே நிறுவத் தயக்கமாக இருந்தால் அதே கடைக்காரரிடம் பென்டிரைவைக் கொடுத்து, வேலைக்கான கூலியை மட்டும் பேசுங்கள். மகளின் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்த பிறகே லேப்டாப்பை அவர் கையில் கொடுங்கள். 'லைசென்ஸ் சார்ஜ்' என்று பில்லில் ஒரு வரி வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.