பூட்டிய பீரோவைத் திறக்கக் கேளுங்கள்

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு. தமிழை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். கிளை நூலகத்துக்கு ஒருமுறை கூட்டிப் போனேன். பெரியவர்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். சிறுவர் புத்தகங்கள் பூட்டிய பீரோவுக்குள் இருந்தன. திரும்பிவிட்டோம். மறுபடி போவதில் பலன் உண்டா?

பதில்: கட்டாயம் உண்டு. உங்கள் வீட்டு வரி ரசீதைப் பாருங்கள், நூலக வரியும் அதில் சேர்ந்திருக்கும். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் செய்த ஏற்பாடு அது. பீரோவில் இருப்பது உங்கள் காசும்தான். "பிள்ளை கையால் எடுத்துப் பார்க்கட்டும், திறந்து தருகிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். புத்தகம் தொலைந்தால் தான் கணக்குச் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில் பூட்டிவைக்கும் நூலகர்கள் உண்டு. நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்தால் அந்தப் பயம் போய்விடும்.

பள்ளி விடுமுறை நாளில், பேப்பர் கூட்டம் கலைந்தபின் போங்கள். பல கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். நான்காம் வகுப்புக்கு ஏற்ற புத்தகத்தைத் தேடாதீர்கள். அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கத்தில் கதைப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக வைத்திருக்கிறார்கள். எழுத்துக்கூட்டும் பிள்ளை முதல் படியில் தொடங்கட்டும்: பக்கத்துக்கு இரண்டு வரி, பெரிய படம். ஏதாவது ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். தடுக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் அவன் ஒரு விரலை மடக்கட்டும். ஐந்தும் மடங்கினால் அது இப்போதைக்கு நீங்கள் படித்துக்காட்ட வேண்டிய புத்தகம். இரண்டோடு நின்றால் அவனே படிக்கலாம். ஒவ்வொரு முறையும் இரண்டு வகையிலும் ஒன்று எடுங்கள். படித்துக்காட்டும்போது வரிக்குக் கீழே உங்கள் விரல் நகரட்டும். சொல்லின் உருவம் கண்ணில் பதியும். நடுவில் நிறுத்தி அர்த்தம் கேட்காதீர்கள், பரீட்சையாகிவிடும். ஒரே கதையைப் பத்து முறை கேட்டால் பத்து முறையும் படியுங்கள். எழுத்துக்கூட்டுவது குறைவதே அப்படித்தான்.

அப்புறம், அவன் வகுப்பாசிரியரிடமும் பேசுங்கள். மாதம் ஒருமுறை வகுப்பையே நூலகத்துக்கு அழைத்துவர முடியுமா என்று கேளுங்கள். முப்பது பிள்ளைகள் வந்து போகும் இடத்தில் பீரோ பூட்டியே இருக்காது.

உறுப்பினர் அட்டையை அவன் பெயரிலேயே வாங்குங்கள், கட்டணம் சொற்பம்தான். புத்தகத்தை நீட்டி, திருப்பித்தர வேண்டிய தேதியைக் கேட்டுக்கொள்வதையும் அவனே செய்யட்டும்.