பக்கத்தில் நின்றால் காது அடைக்கும்

வணக்கம் சார்,

2004 சுமத்ரா நிலநடுக்கம் வடக்கே ஓடியதை ஜப்பானில் இருந்த கருவிகளை வைத்துப் படம் பிடித்தார்கள் என்று உங்கள் சுனாமிக் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். நிலநடுக்கம் ஓரிடத்தில் வருவதுதானே, அது எங்கே ஓடும்? அப்படியே ஓடினாலும், பக்கத்தில் அந்தமானில் இருக்கும் கருவிதானே அதைச் சரியாகச் சொல்லும்?

ர., அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள ர.,

டிவியில் ஒரு புள்ளி வைத்து அதைச் சுற்றி வட்டம் வட்டமாகப் போடுகிறார்களே, அதனால் வந்த குழப்பம் இது. அந்தப் புள்ளி திரியில் நெருப்பு வைத்த இடம் மட்டும்தான். சரவெடி அதற்கப்புறம்தான் ஓடுகிறது. 2004 டிசம்பர் 26 காலை நம் நேரப்படி 6.29க்கு சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் பற்றி, அந்தமான் வரை சுமார் 1,300 கி.மீ. கிழிந்துகொண்டே போனது. நொடிக்கு இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் வேகம். அப்படியும் எட்டு நிமிடம் பிடித்தது. பற்றிய இடத்திலிருந்து முதல் அலை பூமிக்குள் இறங்கி ஏறி சேலம் வந்துசேர நாலரை நிமிடம் ஆகும். அதாவது அலை நம் காலடிக்கு வந்தபோது அங்கே இன்னும் கிழிந்து முடியவில்லை! இந்தக் கணக்கைப் போட்ட அன்று எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

சரி, ஏன் தூரத்திலிருந்து? தீபாவளிக்குப் பத்தாயிரம் வாலா பக்கத்தில் நின்றால் காது அடைத்துக்கொள்ளும், சுவரில் பட்டுத் திரும்பும் சத்தமும் சேர்ந்துகொள்ளும். எந்த முனை வெடிக்கிறது என்றே தெரியாது. நிலநடுக்கத்துக்குப் பக்கத்திலும் இதே கதைதான். முன்னால் கிழிந்த பகுதியின் மெதுவான அலைகளும் பின்னால் கிழிந்ததன் வேகமான அலைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும்.

அதே சரத்தை அடிவாரத்தில் நீளமாக விரித்துக் கொளுத்துங்கள். ஏற்காட்டுப் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆளுக்கொரு செல்போனில் பதிவு செய்யட்டும். வெடி இந்த இடத்தில்தான் என்று ஒரு ஊகம் வைத்துக்கொண்டு, அங்கிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் சத்தம் வர ஆகும் நேரத்தைக் கழித்து, இருபது பதிவுகளையும் நகர்த்திக் கூட்டுங்கள். ஊகம் சரியென்றால் வெடிமேல் வெடி விழுந்து பெரிதாகும், தப்பென்றால் கலைந்துபோகும். சரத்தின் நீளம் முழுக்க, நொடிக்கு நொடி இப்படிச் செய்தால் நெருப்பு நகர்வது தெரியும். நிலநடுக்க ஆய்வாளர்கள் மியாகி இஷீயும் பீட்டர் ஷீரர் முதலானோரும் 2005இல் செய்தது இதைத்தான். ஜப்பானில் நூறு மீட்டருக்கும் ஆழமான குழிகளில் இறக்கிய சுமார் 700 கருவிகள் அவர்களுக்கு இருந்தன.

தூரமும் கணக்கான தூரமாக இருக்கவேண்டும், சுமாராக 3,300 முதல் 10,000 கி.மீ. வரை. வேகமான அலை ஆழமாக இறங்கி, மற்ற அலைகளை விட்டுத் தனியாக, கலங்காமல் வரும். சேலம் 2,100 கி.மீ. சொச்சம். அந்தத் தூரத்தில், 410, 660 கி.மீ. ஆழத்துப் பாறை மாற்றங்களால் ஒரே அலை இரண்டு மூன்றாகப் பிரிந்து வரும். நாம் ரெண்டுங்கெட்டான்.

ஆனால் ‘படம்’ என்று நான் எழுதியது கொஞ்சம் அதிகம்தான். இந்த முறை காட்டுவது படபடவென்று வெடித்த இடத்தை, நிலம் எவ்வளவு நகர்ந்தது என்பதை அல்ல. 2011 ஜப்பான் நிலநடுக்கத்தில் படபடப்பு கரைப் பக்கம் ஆழத்தில் இருந்தது. சுனாமியைக் கிளப்பிய பெரிய நகர்வோ கிழக்கே, கடல் அகழியை ஒட்டி, அவ்வளவு சத்தமில்லாமல் நடந்தது. கட்டுரையில் அந்த வரியை மாற்றிவிட்டேன்.